கலியுகத்தில் கணக்கைத் திருத்தியவர்கள்

அன்புள்ள அக்கா,

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து எழுதுகிறேன். சிப்காட்டில் வேலை. மாதம் ஒருமுறை புதுச்சேரியில் நண்பர்கள் கூடும் வாசிப்பு வட்டத்துக்குப் போவேன். சென்ற முறை ஒரு பெரியவர் அரவிந்தரை முன்வைத்துப் பேசினார். ஜடத்திலிருந்து உயிர், உயிரிலிருந்து மனம், இனி மனத்துக்கும் மேலான ஒன்று என்று பிரபஞ்சமே மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது, முன்னேற்றம் அதன் இயல்பு என்றார். கேட்க நிறைவாக இருந்தது. இயற்பியல் படித்த என் நண்பனிடம் சொன்னேன். எல்லா நட்சத்திரமும் ஒருநாள் அணைந்துவிடும், வெப்பம் எங்கும் சமமாகிப் பிரபஞ்சமே செத்துக் கிடக்கும், இதில் முன்னேற்றம் எங்கே வந்தது என்கிறான் அவன். பாட்டியைக் கேட்டால் கலி முத்திப்போச்சு என்பதோடு முடித்துக்கொள்கிறார்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது சுனாமியில் சித்தியைப் பறிகொடுத்தோம். அந்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு பெரியவர் சொல்வதை ஏற்க முடியவில்லை. நண்பன் சொல்வதை ஏற்றுக்கொண்டால் எதைச் செய்யவும் கை எழவில்லை. குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் கணக்கு சொல்லிக்கொடுத்து வந்தேன். எதற்கு என்று தோன்றி, இரண்டு மாதமாக அதையும் விட்டுவிட்டேன். முன்னேற்றம் என்பது பிரபஞ்சத்தில் நிஜமாகவே இருக்கிறதா, இல்லை நாமே சொல்லிக்கொள்வதா? இதுபற்றிப் படிக்க சில நூல்களும் சொல்லுங்கள்.

ர., கடலூர்

அன்புள்ள ர.,

சில வாரங்களாக நான் உங்கள் ஊரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் இந்தப் பதில் இவ்வளவு சீக்கிரம். அதற்கு வருகிறேன். அதற்குமுன் உங்கள் நண்பருக்கும் அந்தப் பெரியவருக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

நட்சத்திரங்கள் அணைவது பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை. சூரியனே இன்னும் ஏறக்குறைய 500 கோடி ஆண்டுகள் எரியும். நண்பர் சொன்னது தவறில்லை, நல்ல இயற்பியல்தான். ஆனால் அதை ஒரு காரணமாகக் காட்டி நாளைச் சாயங்கால வகுப்பை நிறுத்துவது உங்கள் சோர்வு தேடிப்பிடித்த சாக்கு. அதற்கு இயற்பியல் பொறுப்பாகாது.

அரவிந்தர் 1910இல் புதுச்சேரிக்கு வந்து நாற்பது ஆண்டுகள் இங்கேயே இருந்து யோசித்தவர். அவர் சொன்னதைப் பிரபஞ்சம் தானாக மேலே போகும், நாம் உட்கார்ந்திருந்தால் போதும் என்று சுருக்குவது அநியாயம். மனிதன் வரைக்கும் பரிணாமம் தன்னை அறியாமல் நடந்தது, மனிதனிடம் வந்தபின் அது அறிந்து செய்யவேண்டியதாகிறது என்பது அவர் பார்வை. மனத்துக்கு மேலான அந்த நிலையில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அறிந்து செய்யவேண்டியது என்கிற பகுதி இருக்கிறதே, அதை உங்கள் பெரியவர் எப்படி விட்டார் என்று தெரியவில்லை.

பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு. தொடக்கத்தில் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான், கூடத் துளி லித்தியம். கார்பன், ஆக்சிஜன், இரும்பு எல்லாம் பின்னால் நட்சத்திரங்களுக்குள் உண்டானவை. ஆக, எளியதிலிருந்து சிக்கலானவை வந்திருக்கின்றன, சந்தேகமில்லை. அதை முன்னேற்றம் என்று சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. நாடாப்புழுவின் மூதாதைகளுக்குக் குடல் இருந்தது, அதற்கு இல்லை. குகைகளில் வாழும் மீன்கள் சில கண்ணையே இழந்துவிட்டன. இரண்டும் நன்றாகத்தான் பிழைத்திருக்கின்றன. புதுச்சேரியிலிருந்து ஒரு மணிநேரத்தில் திருவக்கரைக்குப் போய்விடலாம், அவசியம் போய்ப் பாருங்கள். கடலூர் மணற்கல் என்று உங்கள் ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள் அந்தப் பாறை அடுக்குக்கு. அதற்குள் சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நாரோட்டம் தெரியும், கணு தெரியும், கையை வைத்தால் வெயிலில் காய்ந்த கருங்கல்லின் சூடு. அவற்றில் மருத மரத்தின் உறவுகளும் உண்டு. இந்த இரண்டு கோடி வருடத்தில் மருதமரம் இன்னும் மேலான மருதமரமாக ஆகிவிடவில்லை.

எனவே உங்கள் கேள்விக்குப் பதில், இல்லை. ஈர்ப்புவிசை இருப்பதுபோல் முன்னேற்றம் பிரபஞ்சத்தில் இல்லை.

ஆனால் இல்லை என்று சொன்னதும் நீங்கள் சோர்ந்து உட்காருவீர்கள் பாருங்கள், எனக்குக் கோபம் அங்கேதான். பிரபஞ்சம் முன்னேறுகிறது என்று யாராவது எழுதிக் கொடுத்தால்தான் வகுப்பெடுப்பீர்களா? உங்கள் ஊரிலேயே ஒருவர் இருந்தார், நேர்மாறாக நம்பியவர்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெரிய சமணப் பள்ளி இருந்தது. பின்னாளில் அப்பரான மருணீக்கியார், சமணராக இருந்தபோது தருமசேனர் என்ற பெயரில் தலைமை தாங்கியது அங்கேதான் என்று பெரியபுராணம் சொல்லும். அந்த ஊரைப் பாடலிபுத்திரம் என்கிறார் சேக்கிழார். அப்பருக்குச் சுமார் இரண்டு நூற்றாண்டு முந்தி, சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சர்வநந்தி என்ற முனிவர் பாடலிகா என்ற ஊரில் 'லோகவிபாகம்' என்னும் நூலை எழுதினார். அந்தப் பாடலிகா திருப்பாதிரிப்புலியூர்தான் என்பது ஆய்வாளர்கள் கொள்வது. பிராகிருத மூலம் போய்விட்டது, சிம்மசூரி பின்னால் செய்த சமஸ்கிருத வடிவம்தான் கையில் இருக்கிறது. நூலின் பொருள், கேட்டால் வியப்பீர்கள், பிரபஞ்சம். அதன் அமைப்பு, தீவுகள், கடல்கள், காலத்தின் போக்கு.

சமணர்களின் காலக்கணக்கில் உலகம் ஏறும், இறங்கும். ஏறுகிற காலம் உத்சர்ப்பிணி, இறங்குகிற காலம் அவசர்ப்பிணி, ஒவ்வொன்றிலும் ஆறு பகுதிகள். நாம் இருப்பது இறங்குகாலத்தின் ஐந்தாம் பகுதி. அதன் நீளம் 21,000 ஆண்டு, அதற்கடுத்த ஆறாவதும் அதே நீளம், இதைவிட மோசம். ஆயுள் குறையும், உயரம் குறையும், அறிவு குறையும், அறம் குறையும். சர்வநந்திக்கு இதில் சந்தேகமே கிடையாது.

அப்படி நம்பிக்கொண்டிருந்தவருடைய நூலில்தான், அந்தப் பெருங்கடல்களின் அளவுகளைச் சொல்லும் நீண்ட எண்களில், இடமதிப்பு முறையும் பூஜ்யமும் வருகின்றன. இன்று பள்ளிக்கூடத்தில் ஒன்று, பத்து, நூறு என்று கட்டம் போட்டு எழுதுகிறோமே, அந்த முறை. எண்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பூஜ்யத்தோடு கூடிய இடமதிப்புக்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாக எடுத்துவைப்பது இந்தக் கடலூர் நூலைத்தான். அவர் கண்டுபிடித்தார் என்று சொல்லவில்லை, அவருக்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அவர் வைத்துக்கொண்டார், பயன்படுத்தினார், அடுத்தவர் கையில் கொடுத்தார். சர்வநந்தி வரைந்த பிரபஞ்சத்தை இன்று எந்த வானியலாளரும் ஏற்கமாட்டார். அவர் இருந்த பள்ளியும் இல்லை. பாடலிபுத்திரத்துப் பள்ளிகளை இடித்துக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினான் அரசன் என்று அதே பெரியபுராணம் சொல்கிறது. எண் மட்டும் நிற்கிறது. உங்கள் கைபேசியின் விலை அதில்தான் எழுதியிருக்கிறது, உங்கள் சம்பளமும் அதில்தான் வருகிறது.

சில வாரங்களாக நான் யோசித்துக்கொண்டிருப்பது இதைத்தான். உலகம் கீழே போகிறது என்று முழு மனதாக நம்பியவர்கள் கணக்கைத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

உங்கள் பாட்டி கலி என்கிறார் அல்லவா. கலியுகம் 4,32,000 ஆண்டு, கி.மு. 3102இல் தொடங்கியது, போகப்போகக் கேடுதான் என்று நம்பியவர்களில் நம் பஞ்சாங்கக் கணிதர்களும் உண்டு. கலி பிறந்து எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணித்தான் கணக்கையே தொடங்குவார்கள். ஆனால் கிரகணம் கணக்கோடு ஒத்துவராதபோது அவர்கள் கலியின் கோலம் என்று சும்மா இருக்கவில்லை. கேரளத்தில் 683இல் ஹரிதத்தர் பழைய எண்களுக்குத் திருத்தம் செய்தார். அந்தத் திருத்தமும் நாளடைவில் வானத்தைவிட்டு விலகியது. பரமேசுவரர் என்பவர் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கிரகணங்களைப் பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்து, 1431இல் புதிய கணித முறையைக் கொண்டுவந்தார். ஐம்பது ஆண்டு! ஒவ்வொரு கிரகணத்துக்கும் வெளியே வந்து நின்று, வானத்தைப் பார்த்து, ஏட்டைப் பார்த்து, எவ்வளவு தப்பு என்று எழுதியிருக்கிறார். கலியுகத்தில்.

இங்கே புதுச்சேரியிலும் அந்த மரபு இருந்தது. 1825இல் இங்கே வசித்த ஒரு பஞ்சாங்கக் கணிதர், தரையில் சோழிகளை வைத்து, அட்டவணைகளையெல்லாம் மனப்பாடமாகச் சொல்லி, ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஆங்கிலேயரிடம் பணிபுரிந்த ஜான் வாரன் என்ற அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு முந்தி பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தி. 1769 ஜூனில் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க இங்கே வந்து காத்திருந்து, அந்த நேரம் பார்த்து மேகம் மூடி ஏமாந்துபோனவர் என்று அவர் கதை எல்லோருக்கும் தெரியும். அதைவிட எனக்கு முக்கியமானது, அவர் இங்கே ஒரு தமிழரிடம் கிரகணக் கணிதம் கற்றார் என்பது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணிதரின் விடை 41 விநாடி குறைவு, டோபியாஸ் மாயரின் ஐரோப்பிய அட்டவணை 68 விநாடி அதிகம். இந்த ஒரு கிரகணத்தை வைத்து யாரும் மார்தட்ட வேண்டாம். அந்தச் சோழிக் கணக்கில் சந்திரனுக்கு 248 நாள் சுற்று ஒன்று வரும், 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்வார்கள். அதே 248 நாள் கணக்கு பாபிலோனியர்களிடமும் இருந்தது. பாபிலோன் மண்ணாகி ஆயிரம் வருடத்துக்கும் மேல் கழித்து, அந்தப் பெயரையே கேள்விப்பட்டிராத ஒரு தமிழர், புதுச்சேரியின் ஒரு வீட்டுத் தரையில் அதை வைத்துக் கணக்குப் போடுகிறார். தானாக நடக்கிற காரியமா இது? எத்தனை வாய்கள், எத்தனை பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும், யோசியுங்கள்.

எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த டீச்சரைப் பற்றி இதுவரை எழுதியதில்லை. திருப்பாதிரிப்புலியூரில் வீடு. சந்திர கிரகணம் என்றால் எங்கள் தெருவில் எட்டு மணிக்கே கதவைச் சாத்திவிடுவார்கள், குழம்புச்சட்டி, தயிர்ப் பானை, குடத்துத் தண்ணீர் எல்லாவற்றிலும் தர்ப்பை கிடக்கும், வயதுக்கு வந்த பெண்களை வாசலுக்கே விடமாட்டார்கள். டீச்சர் வீடு வீடாக வந்து, நான் பொறுப்பு என்று சொல்லி, எங்களில் நாலைந்து பேரைத் தன் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனார். பாய் விரித்திருந்தது. ஒரு கையில் டார்ச் லைட், மடியில் வாக்கியப் பஞ்சாங்கம், சாணிநிறத் தாள். கிரகணம் பிடிக்கிற ஸ்பரிசம் எத்தனை மணி, நடுவில் வரும் மத்திமம் எத்தனை மணி, விடுகிற மோட்சம் எத்தனை மணி என்று அதில் போட்டிருந்ததை எங்களை உரக்கப் படிக்கச் சொன்னார். காலையில் ரேடியோவில் மணிச்சத்தம் கேட்டுச் சரிசெய்த கைக்கடிகாரத்தை என்னிடம் கழற்றிக் கொடுத்தார். நிலாவின் ஓரம் மங்கும்போது இப்போ, இப்போ என்று எங்களுக்குள் ஒரே சண்டை. டீச்சர் சண்டையை முடியவிட்டு, எல்லோரும் ஒத்துக்கொண்ட நேரத்தை, அச்சடித்த நேரத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதினார், இரண்டையும் கழித்து வித்தியாசத்தை அதற்குக் கீழே போட்டார். முந்தைய கிரகணங்களுக்கும் அப்படி எழுதியிருந்தது, பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். நடுராத்திரி, கிரகணம் விடுவதற்குள், அவித்த வேர்க்கடலையை எங்கள் கையில் கொடுத்துத் தானும் தின்றார். நான் பயந்துகொண்டே தின்றேன்.

அவர் தினமும் கோயிலுக்குப் போகிறவர். பஞ்சாங்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மூடினார். வணங்குவதற்கும் திருத்துவதற்கும் நடுவே அவருக்கு எந்தச் சங்கடமும் இருக்கவில்லை, பரமேசுவரருக்கும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இப்போது நம் லட்சணத்தைப் பாருங்கள். சனிப்பெயர்ச்சி, இன்றைய வானியல் கணக்கைக் கொள்கிற திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29, பழைய வாக்கியங்களை வைத்துக் கணிக்கிற வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச். ஏறக்குறைய ஓர் ஆண்டு இடைவெளி. கோயில்கள் வாக்கியத்தைப் பின்பற்றுகின்றன, அது அவர்கள் மரபு, அதில் தலையிட நான் யார். நான் கேட்பது வீட்டில் இருப்பவர்களை. சனி என்பது வானத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரிகிற ஒரு கிரகம். எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்கிறது என்று இரவில் வாசலுக்கு வந்தால் பார்த்துக்கொள்ளலாம். எத்தனை பேர் வந்து பார்த்தோம்? வாட்ஸப்பில் எனக்கு வந்த செய்திகள் எல்லாம் எந்த ராசிக்கு என்ன பலன் என்பதுதான். ஒருவர்கூட, இரண்டில் எது வானத்தோடு ஒத்துப்போகிறது என்று கேட்கவில்லை. ராக்கெட் விடுகிறோம், சந்திரனில் இறங்கினோம், நாம் முன்னேறிவிட்டோம் என்று அவர்களே பேசுகிறார்கள். அறிவு தேய்கிற காலம் என்று நம்பியவர்கள் ஐம்பது ஆண்டு வானத்தைப் பார்த்தார்கள். முன்னேற்றம் தானாக வரும் என்று நம்புகிறவர்கள் வாசலுக்கு வரவில்லை. ர., பிரபஞ்சத்தின் போக்கு பற்றிய நம்பிக்கைக்கும் ஒருவர் செய்கிற வேலைக்கும் நீங்கள் நினைக்கிற தொடர்பு இல்லை. உங்கள் கடிதம் முழுக்க அந்தத் தொடர்பின்மேல்தான் நிற்கிறது.

சுனாமி பற்றி எழுதியிருந்தீர்கள். அதைத் தொட எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சுமத்ரா பக்கம் பூமி அதிர்ந்து இரண்டு மணிநேரத்துக்கு மேல் கழித்துத்தான் அலை நம் கரைக்கு வந்தது. அந்த இரண்டு மணிநேரத்தில் அலை வருகிறது என்று கடலூருக்குச் சொல்ல ஓர் ஏற்பாடும் இல்லை. உங்கள் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள், உங்கள் சித்தியும் அதில். புதுச்சேரியின் நல்லவாடு என்ற மீனவ ஊரில் அன்று வேறு மாதிரி நடந்தது. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராம அறிவு மையம் ஒன்றை அமைத்திருந்தது, அலையின் உயரத்தை தினமும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். சிங்கப்பூரில் வேலைபார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் செய்தி தெரிந்ததும் போன் செய்து ஓடச்சொன்னார், ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், வீடுகளும் படகுகளும் போயின, ஊர் உயிர் தப்பியது. 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. இது முன்னேற்றம்தான், நிஜமான முன்னேற்றம், பாதி உலகத்துக்கு முன்னேற்றம் என்றாலே சந்தேகமாகிவிட்ட இந்த நாளிலும் நான் தயங்காமல் சொல்வேன். உங்கள் சித்திக்கு அது உதவவில்லை, அந்த நஷ்டத்தை எதைக் கொண்டும் யாரும் ஈடுசெய்ய முடியாது. கடலடியில் போட்ட கருவி உப்பில் அரித்துப்போகும், பழுதுபார்க்க ஆள் வேண்டும், அது சொல்கிற எண்ணைப் படிக்க ஆள் வேண்டும், குப்பத்தில் சைரன் வேலைசெய்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளுக்குக் கழித்தலும் விகிதமும் சொல்லிக்கொடுத்து வந்த ஒருவர் இரண்டு மாதமாக வீட்டில் உட்கார்ந்து பிரபஞ்சத்தின் முடிவைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார். தம்பி, இதைப் படித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தை இவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

சோர்வு வரும். சித்தியைப் பற்றி எழுதிய வரியில் எவ்வளவு நாளாகப் பேசாமல் வைத்திருந்தது இருக்கிறது என்று தெரிகிறது. யாரிடமாவது பேசுங்கள், எனக்கு எழுதுங்கள், எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும். ஆனால் வகுப்பை அதோடு சேர்த்து முடிச்சுப் போடாதீர்கள்.

நூல்கள் கேட்டிருந்தீர்கள். வகுப்பு தொடங்கிவிட்டது என்று கடிதம் வந்ததும் அனுப்புகிறேன், அதற்குமுன் ஒரு நூல் பெயரும் சொல்வதாக இல்லை. 2028 டிசம்பர் 31 இரவு முழுச் சந்திர கிரகணம், நம் பக்கத்தில் ஆரம்பம் முதல் கடைசி வரை தெரியும், பத்து மணியை ஒட்டி நிலா முழுக்க நிழலுக்குள் இருக்கும். இப்போது ஆறாவது படிக்கிற பிள்ளைக்கும் நேரத்தைக் கழிக்க அன்றைக்குள் தெரிந்திருக்க வேண்டும், மணியிலிருந்து நிமிஷத்தைக் கடன்வாங்கும்போதுதான் எல்லோரும் தடுமாறுவார்கள், அதிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டு வகைப் பஞ்சாங்கமும் வாங்கிவிடலாம். பென்சிலும் நோட்டும் நான் அனுப்புகிறேன், பிள்ளைகள் எத்தனை பேர் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா